இரண்டு எண்ணூறு

ஐப்பசிக் கடைசியில் வைகை
இந்த வருஷம் கடல்வரை வந்துவிட்டது.
ஆற்றங்கரையில் முகத்துவார மணல்மேட்டை
வெள்ளம் உடைத்து ஒன்பது நாள்.
தண்ணீர் இன்னும் டீ நிறம்.

இரவு ஒன்பதுக்கு முடிய வேண்டிய டூட்டி
பிரசவம் இழுத்து இழுத்து
விடிய நாலுக்குத்தான் கை கழுவ விட்டது.
பெண். இரண்டு கிலோ எண்ணூறு.
வராந்தாவில் நின்றவன்
எடையை மட்டும் இரண்டு தடவை கேட்டான்.
மற்றது காதில் விழாத மாதிரி நின்றான்.

வீட்டுக்குப் போகும் திருப்பத்தில்
ஸ்கூட்டி நேராகப் போனது.
கால்மிதியில் சாய்ந்த குழாய்க்குள்
நாலு துண்டாய்க் கம்பு.
கப்பல்காரத் தம்பி எந்தத் துறைமுகத்திலோ வாங்கி
எதற்கென்று தெரியாமல் என்னிடம் விட்டுப்போனது.

இதற்குப் புழு வேண்டாம், இறால் வேண்டாம்.
கொக்கியில் நானே கட்டிய பொய்மீன்:
உச்சிப்புளிக் கறிக்கடைச் சேவலின் கழுத்திறகு,
தையல் போட்டு மிஞ்சிய கறுப்புப் பட்டு நூல்,
மினுங்குவதற்கு
முகூர்த்தப் புடவையில் உருவிய ஒரு சரிகை இழை.
அந்தப் புடவைக்கு ஆறு வருஷமாக வேறு வேலை இல்லை.

இடுப்பளவு நீரில் வீச்சுவலையோடு சீனி உமர்.
கயிறு என் தலைக்கு மேல்
முன்னும் பின்னும் போய்வர
இருட்டிலிருந்து கேட்டார்:
"என்ன சிஸ்டர், துணி காயப் போடுறியளா?"

பதில் சொல்ல முடியாது.
பின்னால் போன கயிறு முழுக்க நீளும்வரை
அரை மூச்சு பொறுக்க வேண்டும்,
"இப்ப முக்காத தாயி" என்று சொல்லிவிட்டு
நான் பிடித்துக்கொள்ளும் அதே அரை மூச்சு.
அப்புறம் விட வேண்டும்.

மடவைக் கூட்டத்தின் ஓரத்தில் இறகு விழுந்தது.
இழுத்தேன். நிறுத்தினேன். இழுத்தேன்.
வத்தம் தொடங்கியிருந்தது,
முழங்காலைக் கடல் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தது ஆறு.
பள்ளிவாசல் ஒலிபெருக்கி தொண்டையைச் செருமியது.

அப்போதுதான் அந்தச் சத்தம்.
பானை வாயில் உள்ளங்கையால் அடித்ததுபோல்.

கொடுவா.

விரலைச் சுட்டுக்கொண்டு ஓடியது கயிறு.
பாலத்துத் தூண் பக்கம் போகப் பார்த்தது, விடவில்லை.
ஒரே ஒரு தடவை எழும்பிச்
செவுள் விரித்துத் தலையை உதறியது.
உமரின் டார்ச்சில் கண் சிவப்பு,
ஊதிவிட்ட கரிபோல.
அடுத்த நொடி கம்பு நிமிர்ந்து நின்றது
அசட்டுத்தனமாக.

முடிச்சு பிடித்திருக்கும். நரம்புதான் அறுந்தது.

"எத்தன கிலோ இருக்கும்?"
தெரியாது என்றேன்.
பிறந்ததை மட்டும்தான் என் கை சரியாகச் சொல்லும்.

கரையில் வலையைப் பிழிந்தபடி உமர் சொன்னார்,
மண்டபத்துக் குஞ்சுப் பண்ணையில்
மூன்று வருஷம் வேலை பார்த்தவர்:
"கொடுவா அம்புட்டும் மொதல்ல ஆணுதான் சிஸ்டர்.
வளந்து வளந்து
ஒரு அளவுக்கு மேல பொம்பளையாயிரும்."
அதுக்கு யாரும் வராந்தாவுல நிக்கிறதில்ல, என்றேன்.
புரியாமல் சிரித்தார்.
நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.

புதன்கிழமை. தடுப்பூசி நாள்.
அழும் பிள்ளைகளின் வரிசைக்கு நடுவே
மீன்வாசத்தோடு வந்து நின்றார் உமர்.
பேப்பரைப் பிரித்தால் என் இறகு.
பாதி உதிர்ந்திருந்தது. சரிகை கறுத்திருந்தது.
கறுப்பு நூல் போட்டபடியே இருந்தது.
"ஒதட்டோரத்துல கெடந்துச்சு.
பதினோரு கிலோ.
உள்ள பூராம் சினை."

சினை என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் விலை சொல்லியிருப்பார்.

அடுத்த பிள்ளையின் தொடைக்கென்று எடுத்த பஞ்சால்
கொக்கியைத் துடைத்தேன், பழக்கத்தில்.
வளைவை, முனையை, முள்ளை.
பிறகு அந்தப் பஞ்சைப் போட்டுவிட்டு
வேறு பஞ்சு எடுத்தேன்.

"நாளைக்கு வத்தம் எத்தன மணிக்கு?"